மூன்றாவது கம்பி

நூறு வாட் பல்புக்கு மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. ஷஹீதா ஒயர்களைப் பற்றவைக்கும் சூட்டுக் கம்பியை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"போதும்டி. இதோட மூடிருவோம்."

அத்தாயி பல்பை அணைத்தாள். எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுபடி போட்டாள். மறுபடியும் தொண்ணூற்றாறு. நான்கு மாதமாக இந்த எண்ணுக்காகத்தான் இருவரும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் தள்ளிவைத்திருந்தார்கள். ஆனாலும் அவளுக்கு நிறைவு வரவில்லை. பல்பு சுலபமான பேர்வழி. அது சொன்னதை நம்பி என்ன செய்வது என்று நினைத்தாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஜனவரி. சேலத்தில் அந்த இன்ஜினீயரிங் காலேஜின் கடைசி வருட வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஷஹீதாவின் அத்தா அப்துல் ரஹீமுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பலசரக்குக் கடை. அத்தாயியின் அப்பா ஐயாக்கண்ணு கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினை ஓட்டினார். பள்ளிக்கூட நாட்களில் ஒரே பஸ்ஸில் போய் வந்தாலும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. காலேஜில் முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது 'அத்தாயி' என்றதும் பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஷஹீதா எழுந்து, தன் நோட்டுப் புத்தகங்களோடு வந்து அத்தாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு அவர்கள் வேறு வேறு பெஞ்சில் உட்காரவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் தானாக மாறும் டிராபிக் விளக்கு செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எடுத்துக்கொண்டது டிஜிட்டல் பவர் மீட்டர். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மீட்டரில் ஒரு தட்டு சுற்றும். மாதம் முழுக்க எவ்வளவு செலவானது என்பதை அது சொல்லும், இந்த நொடியில் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லாது. இவர்களுடைய மீட்டர் அந்த நொடியை எண்ணாகக் காட்டும். கடையிலிருந்து அத்தா கொடுத்துவிட்ட பெரிய சதுர பிஸ்கட் டின்னுக்குள் மொத்தமும் அடங்கியிருந்தது. ஒரு பக்கத்தைச் சன்னல்போல வெட்டி, சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டி, அதற்குப் பின்னால் எண்களைப் பொருத்தியிருந்தார்கள். வெளியே நீண்ட ஒரு ஒயரின் முனையில் வளையல் அளவு ஒரு இரும்பு வளையம், சுற்றிலும் செப்புக் கம்பி சுற்றியது. எந்த மின்கம்பியை அளக்க வேண்டுமோ அதை அந்த வளையத்துக்குள் நுழைத்து, வோல்டேஜுக்கான இரண்டு சின்ன ஒயர்களை அந்த லைனில் தொடுத்தால் போதும்.

சிக்கல் மோட்டாரில்தான். பல்பில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இரண்டையும் பெருக்கினால் கணக்கு முடிந்தது. மோட்டாரில் வோல்டேஜ் ஏறிய பிறகு கொஞ்சம் தயங்கித்தான் கரண்டு ஏறும். அந்தத் தயக்கம் எவ்வளவு என்று அளந்து கணக்கில் சேர்க்காவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். அதை அளக்கும் பகுதியை ஷஹீதா பற்றவைத்தாள். தயக்கத்தின் தொண்ணூறு டிகிரிக்கும் ஒவ்வொன்றாக எதால் பெருக்க வேண்டும் என்ற அட்டவணையை அத்தாயி ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கையாலேயே போட்டு, மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றி, சில்லுக்குள் ஏற்றினாள். ஒரு எண் பிசகினாலும் மீட்டர் உளறும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல மோட்டார் வேண்டும். மின்விசிறி போதாது, அது இழுப்பதும் கொஞ்சம், தயங்குவதும் கொஞ்சம். லேபில் இருந்த ஒரே பெரிய மோட்டாரை வேறொரு குழு திங்கட்கிழமை ரிவ்யூ வரைக்கும் பிடித்து வைத்திருந்தது.

அவர்களுடைய பேராசிரியர் பாக்கியநாதன் நல்லவர், ஜாக்கிரதையானவர். "பல்ப் காட்டுங்க, மார்க் வாங்கிக்கங்க. வெளியில இருந்து வர்றவர் முன்னாடி மோட்டாரக் கட்டி அது தப்பாக் காட்டிச்சுன்னா என்னம்மா பதில் சொல்வீங்க?" என்றார். ஷஹீதாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

அத்தாயி பல்பை மூன்றாம் தடவையாக அணைத்தாள். "ஒரு மோட்டார்லகூடக் கட்டிப் பாக்காம இதைப் பவர் மீட்டர்னு எப்படிச் சொல்றது புள்ள? பல்பு மீட்டர்னு பேரு வெச்சுக்கலாம்."

"சரி, மோட்டாருக்கு எங்க போறது?"

"எங்கப்பங்கிட்ட ஒண்ணு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் டின்னை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மலையேறினார்கள். ஏற்காட்டில் இறங்கி, மாரமங்கலம் போகும் பஸ்ஸைப் பிடித்து, எஸ்டேட் கேட்டில் இறங்கியபோது பனி இன்னும் சவுக்கு மரங்களின் இடுப்பளவில் நின்றது. கேட்டுக்கு உள்ளே வந்ததுமே அத்தாயிக்கு மூக்கில் ஏறியது, பழம் புளிக்கத் தொடங்கும் வாசனை. பறித்த பழத்தை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். இந்த நேரத்தில் மெஷின் கொட்டாயிலிருந்து இந்த வாசனை வரக்கூடாது. மெஷின் சத்தமும் இல்லை.

கொட்டாயில் சிவப்புப் பழம் தொட்டி நிறையக் கிடந்தது. நின்றுபோன மெஷினுக்கு முன்னால் ஐயாக்கண்ணு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா கண்ணு. வா சாமி," என்று ஷஹீதாவையும் பார்த்துச் சொன்னார். "அத்தா நல்லாருக்காருங்களா? ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிட்டு வந்திருக்கலாமில்ல."

"ஏனுங்ப்பா, மெஷின் ஓடலியா?"

அவர் வாயிலிருந்து விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. இந்தப் பருவத்தில் இரண்டு தடவை மோட்டார் எரிந்துவிட்டது. இரண்டு தடவையும் கீழே சேலத்துக்கு அனுப்பிச் சுருள் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழத்தை அளவில்லாமல் அள்ளிக் கொட்டுவதால்தான் எரிகிறது என்று எஸ்டேட் எலக்ட்ரீசியன் அங்கப்பன் சொல்லிவிட்டான். நேற்று சாயங்காலம் ஓட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் ஒரு மாதிரி முனகியது. தொட்டுப் பார்த்தால் அடுப்பு மாதிரிச் சுட்டது. நிறுத்திவிட்டார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ படிக்கறதை உட்டுப்போட்டு இதை நெனச்சுட்டு உக்காந்திருப்ப."

ரைட்டர் கிறிஸ்துதாஸ் குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு வந்தார். எஸ்டேட் கணக்கு, ஆள், பழம் எல்லாம் அவர் பொறுப்பு. பின்னாலேயே அங்கப்பன் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு வந்தான்.

"ஐயாக்கண்ணு, நாத்தம் ஆபீஸ் வரைக்கும் வருது. மத்தியானத்துக்குள்ள ஓட்டலீன்னா இது அத்தனையும் எருக்குழிக்குத்தான். ஓட்டி மோட்டாரு போச்சுன்னா மூணாவது வாட்டி. தொரை எங்கிட்டச் சொல்லிட்டாரு. அப்பறம் உன்னைய இந்தக் கொட்டாயில வெச்சுக்க முடியாது."

ஐயாக்கண்ணு "ஆமுங்க" என்றார். ஓட்டினாலும் அவர் தலையில், ஓட்டாவிட்டாலும் அவர் தலையில். அத்தாயிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா இந்தக் கொட்டாயில்தான் இருந்தார். மழைக்கால இரவுகளில் வீட்டில் படுத்திருக்கும்போதுகூட தூரத்தில் இந்த மெஷின் சத்தத்தில் ஒரு மாற்றம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவரை வெளியே தள்ளினால் சோற்றுக்குப் பஞ்சம் வராது, கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆனால் பொறுப்பில்லாமல் அள்ளிக் கொட்டி மெஷினை எரித்தவன் என்ற பெயரோடு அவர் இந்த ஊர்ப் பாதையில் நடக்க வேண்டியிருக்கும்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் ரைட்டரிடம். டின்னைக் காட்டினாள்.

"என்னம்மா, பிஸ்கட்டா?"

"மீட்டருங்க. நாங்க செஞ்சது. மோட்டார் இப்ப எவ்வளவு பவர் இழுக்குதுன்னு நெம்பர்ல காட்டும். எவ்வளவு பழம் போட்டா எவ்வளவு இழுக்குதுன்னு பாத்துட்டா, தாங்கற அளவுக்கு ஓட்டிக்கலாமுங்க."

கிறிஸ்துதாஸ் டின்னைப் பார்த்தார், அங்கப்பனைப் பார்த்தார், புளித்துக்கொண்டிருக்கும் பழத்தைப் பார்த்தார். "மோட்டாரு போச்சுன்னா உங்கப்பன் பேருலதான் போகும். அது தெரிஞ்சு என்ன வேணாலும் பண்ணிக்கங்க."

அந்த வார்த்தை விழுந்ததும் அத்தாயியின் கைகள் டின்னின் மேலேயே நின்றுவிட்டன. பஸ்ஸில் வரும்போது மோட்டார் என்பது ஒரு சோதனைப் பொருள். இப்போது அது அப்பா. கையால் போட்ட அட்டவணை, கடையில் வாங்கிய வளையம், ரசாயனத்தில் ஊறவைத்து எடுத்த செப்புப் பலகைமேல் பற்றவைத்த இணைப்புகள். பல்பைக் காட்டி மார்க் வாங்கிக்கொள்ளச் சொன்ன குரல் இப்போது இனிமையாகக் கேட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஷஹீதாவிடம் சொல்ல வாயெடுத்தாள்.

ஷஹீதா அதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவின் இரண்டு முனைகளையும் பிடரிக்குப் பின்னால் முடிந்திருந்தாள். வேலையில் இறங்கினால் அப்படித்தான் முடிவாள்.

"என்னைப் பாக்காதடி. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சு. கட்டுவோம்," என்றாள்.

அத்தாயி அப்பாவைப் பார்த்தாள்.

"கட்டு கண்ணு," என்றார் ஐயாக்கண்ணு. "போறதுன்னா போகட்டும். என்னதான் ஆகுதுன்னு நானுங் கண்ணால பாத்துக்கறேன்."

மோட்டாருக்கு மூன்று கம்பிகள் போகும். மூன்றும் சமமாகச் சுமக்க வேண்டும். மீட்டரால் ஒரு நேரத்தில் ஒரு கம்பியைத்தான் அளக்க முடியும். அங்கப்பன் மெயினை அணைத்து, மோட்டார்ப் பக்கத்தில் முதல் கம்பியின் முனையைக் கழற்றி, வளையத்துக்குள் நுழைத்து மறுபடி முறுக்கிக் கொடுத்தான். ஐயாக்கண்ணு மெஷினைப் போட்டார். பெல்ட் ஒருமுறை துள்ளி ஓட ஆரம்பித்தது. எண் தாவி ஏறி, இறங்கி, தடுமாறி, பழம் விழத் தொடங்கியதும் எண்ணூற்று நாற்பதில் நின்றது.

"நிக்குது," என்று ஷஹீதா மூச்சுவிட்டாள்.

ஐயாக்கண்ணு அடுத்த கூடையைக் கவிழ்த்தார். எண் ஆயிரத்து எண்ணூற்று அறுபதுக்குப் பாய்ந்தது. பின்பு எண்ணூற்று நாற்பது. மறுபடி ஆயிரத்து எண்ணூற்று அறுபது. மறுபடி கீழே. மோட்டார் ஒருமுறை முனகியது. ஐயாக்கண்ணு பயந்து அணைத்துவிட்டார்.

"லூஸா இருக்கும். நாந்தான் எங்கயோ சரியாப் பத்தவெக்கல," என்று ஷஹீதா டின்னைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாக இருந்தது. மோட்டார் ஆறும்வரை காத்திருந்து இரண்டாவது கம்பியில் வளையத்தை மாட்டினார்கள். அங்கேயும் எண்ணூற்று நாற்பது. கூடையைக் கவிழ்த்ததும் எண் ஆடியது. ஆனால் இந்தத் தடவை அது ஏறவில்லை, அறுநூற்று ஐம்பதுக்கு இறங்கியது. பழம் கூடும்போது பவர் எப்படிக் குறையும்?

கிறிஸ்துதாஸ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "உங்க டப்பாவுக்கே கிறுக்குப் புடிச்சிருக்கும்மா."

அத்தாயியின் காது சூடாகியது. ஏதோ ஒரு டிகிரிக்கு அட்டவணையில் தப்பான எண் போட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். எந்த டிகிரி? தொண்ணூறு எண்களும் கண்முன் ஓடின. நாளைக்கு ரிவ்யூ.

ஐயாக்கண்ணு அவள் பக்கத்தில் குந்தினார். தோளைத் தொடவில்லை, டின்னைத்தான் தொட்டார். "போதுஞ் சாமி. களட்டி வெச்சுரு. பழம் போனாப் போகுது. நீங்க நாளைக்குக் காலேஜுல காட்டோணுமில்ல. இந்தப் பாளாப்போன மோட்டாருல கட்டி இது கெட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

தன் வேலை போகப்போகிற நேரத்தில் அவர் மீட்டருக்காகக் கவலைப்பட்டார். அத்தாயிக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எது தெரியுமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒரு நூறு வாட் பல்பு வேணுங்க."

கொட்டாய் விளக்குக்குப் போகும் தனி லைனில் பல்பைக் கட்டி, அதன் ஒயரை வளையத்தில் விட்டாள். எண்பத்திரண்டு.

"தொண்ணூத்தாறு எங்கடி போச்சு?" என்றாள் ஷஹீதா.

"இது சேலமில்ல. மலையேறி வர்ற கரண்டு. வோல்டேஜைப் பாரு."

ஷஹீதா வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இருநூற்று ஆறு. அத்தாயி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்த வோல்டேஜுக்கு எண்பத்திரண்டு சரிதான். "அப்பா, இப்ப மோட்டாரை ஓட்டுங்க. கூடையையுங் கொட்டுங்க. நாங்க பல்பை மட்டும் பாக்கறோம்."

மோட்டார் கிளம்பும்போது எண் ஒருமுறை தாழ்ந்து மேலே வந்தது. அவ்வளவுதான். பக்கத்திலேயே மெஷின் கத்திக்கொண்டு ஓட, கூடை கவிழ, மோட்டார் முனக, எண்பத்திரண்டு எண்பத்திரண்டாகவே நின்றது. அத்தாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக நிமிர்ந்தது.

"மீட்டர் ஆடல," என்றாள். "வேற என்னமோ ஆடுது. மூணாவது கம்பியை நாம பாக்கவே இல்ல."

அங்கப்பன் சலித்துக்கொண்டுதான் மாட்டிக் கொடுத்தான். மெஷின் ஓடியது. எண்ணூற்று நாற்பது. ஐயாக்கண்ணு கூடையைத் தூக்கிக் கவிழ்த்தார். பழம் தகரத்தில் விழுந்த அதிர்வு கால்வழியாகத் தெரிந்தது. மூன்றாவது கம்பியில் எண் பூஜ்யம் ஆனது.

குறைந்து பூஜ்யத்துக்கு வரவில்லை. யாரோ கையை விட்டதுபோல ஒரே அடியாகப் பூஜ்யம். மோட்டார் முனகியது. எண் திரும்பி வந்தது, முனகல் நின்றது. இன்னொரு கூடை. மறுபடி பூஜ்யம், மறுபடி முனகல்.

"அணைச்சிருங்கப்பா," என்று அத்தாயி தரையிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தாள். சிமெண்டுத் தரையில் எழுதினாள். நல்லபடியாக ஓடும்போது மூன்று கம்பியும் எண்ணூற்று நாற்பது, எண்ணூற்று நாற்பது, எண்ணூற்று நாற்பது. கூட்டினால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. முனகும்போது ஆயிரத்து எண்ணூற்று அறுபது, அறுநூற்று ஐம்பது, பூஜ்யம். கூட்டினாள்.

இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து.

ஷஹீதா குனிந்து அந்த இரண்டு கூட்டலையும் பார்த்தாள். பிறகு அத்தாயியின் முகத்தைப் பார்த்தாள். கிறுக்குப் பிடித்ததாகத் தோன்றிய எண்கள் எல்லாம் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருந்தன. மூன்று பேர் தூக்கிய பாரத்தில் ஒருவன் கையை விடும்போது, மற்ற இருவர்மேல் அது ஏறுக்குமாறாகச் சாய்கிறது. ஆனால் பாரம் குறையவில்லை, கூடவில்லை. அந்த ஏறுக்குமாறு வருவதே கரண்டின் தயக்கத்தால்தான். அதைப் பிடித்துக் காட்டியது அவளுடைய அட்டவணை. தொண்ணூறு எண்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஏனுங்க," என்று அத்தாயி நிமிர்ந்து ரைட்டரைப் பார்த்தாள். குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தோன்றும்படி நிதானமாக வந்தது. "மோட்டார் எரிஞ்சது பழத்தாலே இல்லீங்க. மூணாவது கம்பி எங்கியோ விட்டு விட்டுத் தொடுது. அப்பல்லாம் ரெண்டு கம்பியிலயே ஓடி மோட்டார் சூடாகுது."

"ஃப்யூஸ், கனெக்சன் எல்லாத்தையும் நான் டெஸ்டர் வெச்சுப் பாத்தனுங்க," என்றான் அங்கப்பன். "லைட்டு நல்லா எரிஞ்சுச்சு."

"நின்னுட்டு இருக்கறப்ப நல்லாத்தான் தொடுமுங்க. கூடையைக் கொட்டறப்ப செவுரு அதிருதுங்களே, அப்பத்தான் விடுது. அந்தச் செவுத்துல என்ன இருக்குது?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அதில் இருந்தது ஒன்றுதான், மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டி.

அங்கப்பன் வெளியே கம்பத்தடியில் போய் மொத்த சப்ளையையும் நிறுத்திவிட்டு வந்து பெட்டியைக் கழற்றினான். உள்ளே மூன்று செப்புக் கத்திகள், அவற்றைக் கவ்விப் பிடிக்க மூன்று பித்தளைத் தாடைகள். இரண்டு பளபளவென்று இருந்தன. மூன்றாவது கத்தி முனை உருகிக் கறுத்திருந்தது. தாடை அகலத் திறந்து, கத்தியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அங்கப்பன் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். கத்தி ஆடியது. அவன் காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஐயாக்கண்ணண்ணா," என்றான்.

"உடு உடு," என்றார் ஐயாக்கண்ணு. "முதல்ல அதைச் சரி பண்ணு. பழம் கெடக்குது."

பங்களாவில் சும்மா கிடந்த ஒரு பழைய சுவிட்சிலிருந்து கத்தியையும் தாடையையும் கழற்றிக்கொண்டு அங்கப்பன் ஓடி வந்தான். புது சுவிட்சை நாளை கீழேயிருந்து வாங்கி வந்து மாட்டுவதாகவும், இன்றைக்கு இது தாங்கும் என்றும் சொன்னான். மூன்றாவது கம்பியிலிருந்து வளையத்தை எடுக்க வேண்டாம் என்று அத்தாயி கேட்டுக்கொண்டாள்.

மெஷின் ஓடியது. எண்ணூற்று நாற்பது. ஐயாக்கண்ணு ஒரு கூடையை எடுத்தார், தயங்கினார், பாதியைக் கொட்டினார். எண்ணூற்று எழுபது. மீதியைக் கொட்டினார். தொள்ளாயிரத்துப் பத்து. எண் நின்றது. முனகல் இல்லை. இன்னொரு கூடை முழுசாக. தொள்ளாயிரத்து இருபது, மெதுவாக எண்ணூற்றுத் தொண்ணூறு. இந்தப் பருவம் முழுக்கப் பயந்து பயந்து கூடையைச் சாய்த்தவர் அடுத்த கூடையைத் தலைக்கு மேலே தூக்கி மொத்தமாகக் கவிழ்த்தார். சிவப்புப் பழம் சடசடவென்று இறங்கியது. ஒரு பக்கம் தோல் குவிய, மறுபக்கம் வழுவழுப்பான வெளிர்ப் பருப்பு தண்ணீரோடு சேர்ந்து வாய்க்காலில் ஓடியது. அத்தாயி மோட்டாரின் உடம்பில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அதற்குமேல் இல்லை. ஐயாக்கண்ணு ஒவ்வொரு கூடைக்கும் ஒருமுறை டின்னின் சன்னலை எட்டிப் பார்த்தார். எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஷஹீதா அதற்குச் சரி சொன்னாள். மெஷின் சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துதாஸ் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தொட்டி பாதி காலியானபோது ஐயாக்கண்ணுவின் அருகில் வந்தார். "அப்ப ரெண்டு வாட்டியும்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"ஆமுங்க," என்றார் ஐயாக்கண்ணு, கூடையை இறக்காமலே.

"தொரைக்கு நானே சொல்லிர்றேன்." குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். போவதுபோல இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி, மரியாதையாக அத்தாயியைப் பார்த்தார். "ஏம்மா, பங்களாவுல தண்ணி மோட்டாரு ஒண்ணு இருக்குது. அதையும் ஒருக்கா இதுல பாத்துச் சொல்றீங்களா?"

"ரிவ்யூ முடியட்டுமுங்க. அடுத்த ஞாயித்துக்கெளமை வர்றோம்," என்று அத்தாயிக்கு முன்னால் ஷஹீதா சொன்னாள்.

தொட்டி காலியாகி, மெஷினைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். டின்னை யாரிடமும் தராமல் ஐயாக்கண்ணுவே தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் கேட்டு வரைக்கும் முன்னால் நடந்தார். எதிரே வந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். "எம் பொண்ணும் ரகீம் பாய் பொண்ணுஞ் செஞ்ச மீட்டருங்க," என்றார். மேலே விளக்கம் கேட்டவர்களுக்கு நின்று விளக்கினார். தப்பும் தவறுமாகத்தான் விளக்கினார். அத்தாயி திருத்தவில்லை.

பஸ் வந்தது. ஆரஞ்சுக் கூடைகளும் கோழிகளும் ஆட்களுமாக நெரிசல். ஐயாக்கண்ணு டின்னோடு ஏறி, ஒரு சன்னலோர இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். பெண்கள் இருவருக்கும் பின்னால் இடம் கிடைத்தது. இறங்குவார் என்று அத்தாயி காத்திருந்தாள். கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர்ந்தது.

"அப்பா, பஸ்ஸு எடுத்தாச்சு. எறங்கலியா?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சுவிட்சு வராதில்ல," என்றார் அவர் திரும்பாமலே. "உன்ற காலேஜை நான் பாத்ததே இல்ல."

"உள்ள உடமாட்டாங்கப்பா."

"வெளிய நிக்கறேன்."

அவர் வேட்டியில் காப்பித் தோலின் கறை இருந்தது. காலில் செருப்பு இல்லை. அத்தாயி ஏதோ சொல்ல வந்தாள். ஷஹீதா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஏற்காட்டில் வண்டி மாறியபோதும் டின் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. சேலம் பஸ் ஏரியைக் கடந்து மலைப்பாதையில் இறங்கத் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. டிரைவர் பஸ்ஸை ஒடித்துத் திருப்பினார். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். கூடைகள் சரிந்தன, யாரோ ஒருவருடைய கோழி கத்தியது. ஐயாக்கண்ணு மட்டும் மடியிலிருந்த டின்னை இரண்டு கையாலும் அணைத்து, கழுத்துவரை பால் நிறைந்த பாத்திரத்தை ஏந்தியிருப்பவர்போல, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்து, அதை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவு கீழே தெரிந்தது. அவர் இப்போதே மறுபக்கம் சாய்வதற்குத் தயாரானார்.